மறு: 'மார்பு வெளிவாய்' வேண்டாமே, 'காறையிடுக்கு' எப்படி?

> தொராசிக் அவுட்லெட்டுக்கு (கழுத்தடியில் மார்புக்கூட்டின் மேல்திறப்பு) 'மார்பு வெளிவாய்' நேரான சொல். அங்கே சிரை (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் குழாய்) அழுந்துவதை 'மார்பு வெளிவாய்ச் சிரை அழுத்தம்' எனலாமே.

ஐயா, இரண்டு இடத்தில் இடிக்கிறது.

'இரத்த அழுத்தம்' கேட்டுப் பழகிய காது 'சிரை அழுத்தம்' என்றதும் பிரஷர் கணக்கென்றுதான் எடுத்துக்கொள்ளும். இங்கே சிரை வெளியிலிருந்து நெரிபடுகிறது. 'சிரை நெரிவு' போதும்.

அடுத்தது 'வெளிவாய்'. கையிலிருந்து திரும்பும் இரத்தம் அந்தச் சிரை வழியாக மார்புக்குள் போகிறது. அதற்கு அது எப்படி வெளிவாய்? உடற்கூற்றுக்காரர்களே அந்த மேல்திறப்பை இன்லெட் என்பார்கள், அறுவை மருத்துவர்கள் அவுட்லெட் என்பார்கள். அந்தச் சண்டை நமக்கெதற்கு?

போன மாதம் இங்கே சென்னையில் ஒரு மருத்துவமனைக்காகச் சம்மதப் படிவம் தமிழாக்கினேன். புரிகிறதா என்று பார்க்க ஒரு நோயாளிக்குப் படித்துக் காட்டினோம். 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்து மாடி மாடியாக ஏற்றும் தம்பி. வலது கை நீலம் பாரித்து, வாட்ச் வார் கடைசி ஓட்டைக்குப் போயிருந்தது. 'சிரை' அவருக்குப் பிடிபடவில்லை. "ஊசி போடுற நரம்பா சார்?" என்றார். பேச்சில் சிரையும் நரம்புதானே! ஆனால் இதே நோயில் உண்மையான நரம்பு நெரிபடும் வகையும் உண்டு, அதனால் அப்படியே விடவும் முடியாது. கடைசியில், கழுத்தடியில் குறுக்கே இருக்கும் காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே ரத்தக்குழாய் மாட்டியிருக்கிறது, கதவிடுக்கில் விரல் மாட்டுகிற மாதிரி என்றேன். "அப்போ கதவக் கழட்டிடுவீங்களா?"

சிகிச்சையே அதுதான். நெரிபட்ட சிரையில் இரத்தம் உறைந்திருந்தால், குழாய் விட்டு மருந்து செலுத்தி அந்த உறைவைக் கரைப்பார்கள். இரண்டு வாரத்துக்குள் வந்தால் நன்றாகக் கரையும். அப்புறம் முதல் விலாவை எடுத்துவிட்டு, மிச்சச் சுருக்கம் இருந்தால் பலூனால் விரிப்பார்கள். விலாவை விட்டுவிட்டு ஸ்டென்ட் (சிரையை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாய்) வைத்தால் அதுவும் எலும்புகளுக்கிடையே நசுங்கிப்போகும். கோளாறு இடுக்கில் இருக்கிறது, பெயரிலும் இடுக்கு இருக்கட்டும்: காறையிடுக்குச் சிரை நெரிவு.

(காறை பழைய கழுத்தணி, வல்லின றகரம். 'காரை' என்று அச்சாகிவிட்டால் சுவர்ப்பூச்சு உதிர்ந்த கதைதான்.)

நரம்புக்கும் தமனிக்கும் இதே சொல்லை நீட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அவை கழுத்துத் தசைகளுக்கு நடுவிலுள்ள முக்கோண இடைவெளியிலும் நெரிபடும். சிரை அதற்குள் நுழைவதே இல்லை, முன்பக்கமாகப் போய்விடும்.

இந்த நோயின் ஆங்கிலப் பெயரை 'பேஜெட்–ஷ்ரோட்டர்' என்றே ஒலிபெயர்க்கலாம் என்றவருக்கு: பேஜெட், ஷ்ரோட்டர் என்ற இரு மருத்துவர்கள் 1875-இலும் 1884-இலும் தனித்தனியே எழுதியதை வைத்து 1949-இல் ஹியூஸ் என்பவர் சேர்த்துச் சூட்டிய பெயர் அது. உறைவு ஏற்பட்ட நிலைக்குத்தான் பொருந்தும். உறையாமல் வெறுமனே நெரிபடும் சிரைக்கு ஆகாது.

'நெரிவு' கழுத்தை நெரிப்பதை நினைவூட்டுகிறது என்று வீட்டிலேயே ஓர் ஆட்சேபம். 'நசிவு' போட்டால் தொழில் நசிவு போல ஒலிக்கிறது. படிவம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.