பொருள்: கியோஸ்க்குக்குத் தமிழ் வேண்டும் (வெள்ளி மாலைக்குள்)

சேலத்தான் எழுதியது:

வணக்கம். வணிகவியல் பாடநூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். அதில் ஓர் இயல் முழுக்க அமெரிக்காவின் ரெட்பாக்ஸ் கதை. சிவப்புப் பெட்டிக்குள் டிவிடிகளை அடுக்கி, மளிகைக்கடை வாசலிலும் மருந்துக்கடை வாசலிலும் நிறுத்தி வாடகைக்கு விட்டார்களே, அவர்கள்தான். அந்தப் பெட்டிக்கு ஆங்கிலத்தில் 'கியோஸ்க்'. அது 61 இடத்தில் வருகிறது. 'தானியங்கி வழங்கி' என்று போட்டேன். வழங்கி என்றால் செர்வர் ஆயிற்றே என்று மேலாய்வாளர் சுழித்துவிட்டார். வெள்ளி மாலை கைப்படி கொடுத்தாக வேண்டும்.

திருச்சி ஆசிரியர்:

கியோஸ்க் ஆங்கிலச் சொல்லே அன்று. பாரசீகத்தில் 'கூஷ்க்', துருக்கியில் 'கோஷ்க்'. தோட்டத்து மண்டபம் என்று பொருள். மண்டபம் வடசொல், விலக்குவோம். நம்மிடம் 'மாடம்' இருக்கிறது. விளக்குமாடம், மாடமாளிகை, மாடப்புறா. 'வட்டுமாடம்' என்க. 'சாவடி'யையும் எண்ணிப் பார்த்தேன். சுங்கச்சாவடியில் ஆள் உட்கார்ந்திருப்பான், இதில் ஆளில்லை.

நெல்லையான்:

ஐயா, மாடம்னா எங்க ஊர்ல விளக்கு வைக்கிற பொந்து. வாயில இருக்க சொல்லை விட்டுட்டு துருக்கி வரைக்கும் போயிட்டோம். பெட்டிக்கடை! பெட்டியும் இருக்கு, கடையும் இருக்கு.

சேலத்தான்:

எனக்கும் ஆசைதான். ஆனால் இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "2007இல் அமெரிக்காவில் பிளாக்பஸ்டரின் கடைகளைவிட ரெட்பாக்ஸின் பெட்டிக்கடைகள் மிகுந்துவிட்டன." பிளாக்பஸ்டர் கடை வைத்துப் பட வாடகை நடத்திய நிறுவனம். கடையே வேண்டாம் என்பதுதானே ரெட்பாக்ஸ் வியாபாரத்தின் சூட்சுமம்? கடைக்கு ஆள் சம்பளம் இல்லை, அதனால்தான் ஓர் இரவுக்கு 1 டாலர் என்று விட முடிந்தது. அங்கே 'கடை' வந்தால் இயலே கவிழ்ந்துவிடும்.

இன்னொன்று. 2002இல் மெக்டொனால்ட்ஸ் இதைத் தொடங்கியபோது வாஷிங்டன் பக்கம் வைத்த எந்திரங்களில் மளிகைச் சாமான் விற்றார்கள். அது கொடுக்கும், அவ்வளவுதான். 2004இல் டென்வரில் டிவிடி வாடகை என்று இறங்கியதும் கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் ஆரம்பித்தது. ஒரு பெட்டியில் எடுத்ததை வேறு ஊர்ப் பெட்டியில் போட்டாலும் சரி. வாங்கிக்கொள்ளும் அந்தப் பாதியும் சொல்லில் தெரிந்தால் நல்லது.

யாழ்ப்பாணத்தவர்:

குடுத்து வாங்குறதெண்டால் 'இரவல்' இருக்குதே தம்பி. இரவல் பெட்டி. அதோட, குறுவட்டு எண்டு போடுறீரோ, இறுவட்டு எண்டோ? இஞ்ச இறுவட்டுத்தான்.

சேலத்தான்:

டிவிடி என்றே விட்டுவிட்டேன் அண்ணை. ஒரு சண்டை போதும்.

திருச்சி ஆசிரியர்:

இரவல்! அருமை. ஓர் இரவுக்குத் தருவதால்தான் இரவல். நிறுவனமும் இரவுக்கு 1 டாலர் வாங்கியிருக்கிறது, பொருந்தி வருகிறது பாருங்கள்.

மதுரை நூலகர்:

ஐயா, மன்னிக்க வேண்டும். இரவலுக்கு வினையடி 'இர'. குறளில் 'இரவு' அதிகாரத்தை ராத்திரி என்றா படிக்கிறோம்? அடுத்தது இரவச்சம். அது இருட்டுப் பயமா?

தவிர, இரவலுக்குக் காசு கிடையாது. என் நூலகத்தில் தருவது இரவல். ரெட்பாக்ஸ் தந்தது வாடகை. வாடகை என்பதால்தான் வழக்கே நடந்தது. யுனிவர்சல், ஃபாக்ஸ், வார்னர் என்ற படநிறுவனங்கள் மூவரும் வட்டு வெளியான கையோடு ரெட்பாக்ஸுக்குத் தர மறுத்தார்கள். ரெட்பாக்ஸ்காரர்கள் வழக்கும் போட்டார்கள், ஆட்களை வால்மார்ட் போன்ற கடைகளுக்கு அனுப்பிச் சில்லறை விலைக்கு வாங்கிவந்து பெட்டியையும் நிரப்பினார்கள். காசு கொடுத்து வாங்கிய வட்டை யாருக்கு வேண்டுமானாலும் வாடகைக்கு விடலாம் என்று அமெரிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. கடைசியில் 2010இல், வட்டு வெளியாகி 28 நாள் பொறுத்தே வாடகைக்கு விடுவதாக ரெட்பாக்ஸ் ஒப்புக்கொண்டு தீர்த்துக்கொண்டார்கள். இரவல் என்று எழுதினால் இத்தனை அடிதடி எதற்கென்றே மாணவனுக்கு விளங்காது.

திருச்சி ஆசிரியர்:

'வாடகை' வடமொழி 'பாடக' வழி வந்தது. நான் கூலி என்பேன். நிற்க. இரக்கும் இடத்தில் தாழ்ந்தவன் 'ஈ' என்பான், ஒத்தவன் 'தா' என்பான், உயர்ந்தவன் 'கொடு' என்பான் என்றார் தொல்காப்பியர். திரையைத் தொடுகிறவன் எந்திரத்துக்கு எந்த நிலையில் இருக்கிறான்? அது தெரியாமல் பெயர் வைக்கலாகாது.

நெல்லையான்:

கிரெடிட் கார்டு வச்சிருக்கான்லா, உயர்ந்தோன்தான் ஐயா.

மதுரை நூலகர்:

இரவுக்கு 1 டாலர் இருந்த காலத்தில், அந்த உயர்ந்தோன் 25 நாள் திருப்பாவிட்டால் 25 டாலர் பிடித்துக்கொண்டு வட்டை அவனுக்கே விட்டுவிடுவார்கள். அப்போது அது வாடகையா, கிரயமா? இதற்கும் சேர்த்துச் சொல் கேட்காமல் இருந்தால் சரி.

பெங்களூர் நிரலர்:

ரெட்பாக்ஸை 2022இல் வாங்கியது சிக்கன் சூப் ஃபார் த சோல் என்டர்டெயின்மென்ட் என்ற நிறுவனம். 2024 ஜூனில் திவால் மனு, ஜூலையில் கலைப்பு, இரண்டும் ஒன்றாக மூழ்கின. செத்த பிள்ளைக்கு எதற்கு ஜாதகம்? கியோஸ்க் என்றே எழுதுங்கள். பஸ் என்று எழுதவில்லையா?

திருச்சி ஆசிரியர்:

பேருந்து என்று எழுதினோம். 'பெட்டி' வேண்டாம் என்பவர்களுக்குப் 'பேழை'யும் உண்டு.

சேலத்தான் (வெள்ளி, நண்பகல்):

ஒலிப்பேழை என்றால் கேசட், ஐயா. பேழை வேண்டாம். கேட்டவர்களில் 4 பேர் 'தானியங்கிப் பெட்டி', ஒருவர் மாடம், ஒருவர் கியோஸ்க். முதல் இடத்தில் 'வட்டு வாடகைத் தானியங்கிப் பெட்டி' என்று நீட்டி எழுதி, பிறகு சுருக்கிக்கொள்கிறேன். திரும்ப வாங்கிக்கொள்ளும் பாதி சொல்லில் வரவில்லை. அதை விட்டுக்கொடுத்தது நான்தான்.

யாழ்ப்பாணத்தவர்:

தானியங்கியோ? அமெரிக்காவில செவ்வாய்க்கிழமை புதுப்பட வட்டு வரும், ஆள் வந்து பெட்டியைத் திறந்து வட்டை மாத்த வேண்டியிருந்தது. தானா எங்க இயங்கினது? என்ர மறுப்பைக் குறிச்சு வையும்.

சேலத்தான்:

குறித்துக்கொண்டேன் அண்ணை. கலைப்புக்குப் போனபோது ஏறத்தாழ 24,000 பெட்டிகள் இருந்தன. அதன் பிறகும் பல கடை வாசல்களில் அப்படியே நின்றதாகக் கடைசிப் பத்தி சொல்கிறது. அங்கே மட்டும் 'தானியங்கி'யை எடுத்துவிட்டேன். வெறும் பெட்டி.