ஜெர்மன் ராணுவப் பழம்பொருள் சேகரிப்பு: மனசை விட்டுப் போகாத ஒரு அனுபவம் சொல்லுங்கள்

பழையபேப்பர்:

நானே ஆரம்பிக்கிறேன். கொலோன் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. மழை வரப்போகிறது என்று பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். வாழைப்பழ அட்டைப்பெட்டி ஒன்றில் சமையல் புத்தகங்களுக்கு நடுவே ஒரு சோல்ட்புக், சிப்பாயின் சம்பள, அடையாளப் புத்தகம். அட்டையில் கழுகின் காலிலுள்ள சுவஸ்திகா மேல் வழக்கம்போல வெள்ளை டேப். 80 யூரோ சொன்னார், 60க்குக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஐந்தாம் பக்கத்தைத் திருப்பினேன். நெருங்கிய உறவினர் பக்கம்தான், உங்களுக்குத் தெரியும். முதல் இடம் மனைவிக்கு, அது காலி. இரண்டாவதில் அப்பா பெயர். மூன்றாவது இடம் கல்யாணமாகாதவன் வேறு சொந்தக்காரர் பெயரையோ நிச்சயித்த பெண்ணின் பெயரையோ எழுத. அங்கே ஒரு பெண் பெயரும் தெருவும் இருந்தன, இரண்டையும் சிவப்பு மையில் அடித்திருந்தார்கள். கையால் கிறுக்கவில்லை, அளவுகோல் வைத்து நேராக ஒரு கோடு. அந்தக் கோட்டைத்தான் நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிச்சயம் முறிந்ததா, அவள் குண்டில் செத்தாளா, ஒன்றும் தெரியாது.

அடுத்த சந்தைக்குப் போய் அவரிடமே கேட்டேன், அந்த வீட்டிலிருந்து கடிதம் ஏதாவது வந்ததா என்று. வந்தது, ஒரு ஷூ டப்பா நிறைய, ஒன்றில்கூட ஸ்டாம்ப் இல்லை, யார் வாங்குவார்கள், பேப்பர் குப்பையில் போட்டுவிட்டேன் என்றார். சிப்பாய் எழுதும் ஃபெல்ட்போஸ்டுக்கு, அதாவது ராணுவத் தபாலுக்கு, கட்டணம் கிடையாதே ஐயா, ஸ்டாம்ப் எப்படி இருக்கும்! அதை அவரிடம் சொல்லக்கூட வாய் வரவில்லை.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். டேப்பை உரித்தேன். கழுகு பாதி அதோடு வந்துவிட்டது.

துரு:

என்னுடையது சின்னக் கதை, ஆனால் விலை பெரியது. பெல்ஜியத்தில் ஒரு கண்காட்சி. எம்40 ரக ஜெர்மன் ஹெல்மெட், உள்ளே பக்கவாட்டில் ஈடி 64 முத்திரை, வெளியே ஒரு பக்கம் ஹிட்லரின் எஸ்எஸ் படையின் டீகல், அதாவது ஒட்டுப்படச் சின்னம். நார்மண்டியில் ஒரு விவசாயி வீட்டுப் பரணில் கிடைத்ததாம். எப்போதும் அந்த விவசாயிதான், அவர் பரண் மட்டும் காலியாவதே இல்லை. 1,900 யூரோ கொடுத்தேன்.

வீட்டில் மேசை மேல் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது மச்சினன் வந்தான். அவனுக்கு இதில் ஒரு ஆர்வமும் இல்லை, காருக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “மாமா, துரு அடியில இருக்கு, படம் மேல இருக்கு” என்றான். அவ்வளவுதான். துருப்பிடித்த குழிக்குள் டீகல் இறங்கிப் படிந்திருந்தது. பழைய டீகல் என்றால் துரு அதைக் கிழித்துக்கொண்டல்லவா வெளியே வரவேண்டும்?

ஹெல்மெட் அசல், அதுதான் வயிற்றெரிச்சல். தாலே தொழிற்சாலையில் அடித்த 64 அளவு ஓடு, அப்படியே விட்டிருந்தால் ஒழுங்கான சாதாரணத் தரைப்படை ஹெல்மெட். நாலு காசுக்காக அதற்கு வேறு வேஷம் கட்டிவிட்டார்கள்.

காந்தம்:

பழையபேப்பர், கோபித்துக்கொள்ளாதீர்கள், டேப்பை உரித்ததற்கு உங்களை உட்கார வைத்துத் திட்ட வேண்டும். எதற்கு அந்த அவசரம்? நாஜிச் சின்னங்கள் பற்றிய ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு தடுப்பது பொதுவில் காட்டுவதையும் பரப்புவதையும்தான், அதற்காகத்தான் சந்தையில் டேப். உங்கள் அலமாரிக்குள் அது டேப்போடு இருந்தால் என்ன, இல்லாமல் இருந்தால் என்ன? எடுத்தே தீரவேண்டும் என்றால் பேப்பர் செப்பனிடத் தெரிந்தவரிடம் கொடுத்திருக்கலாம்.

கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். சோல்ட்புக்கைப் பிவிசி உறையில் போடாதீர்கள், அமிலமில்லாத பேப்பர் போதும். லேமினேஷன் செய்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களோடு பேசுவதில்லை. இரும்புச் சிலுவைப் பதக்கத்தை பிராஸோ போட்டுத் தேய்க்காதீர்கள், கருத்த வெள்ளிச் சட்டத்தைத்தான் வாங்குகிறவன் தேடுகிறான். காந்தம் ஒட்டியது, அதனால் அசல் என்பதும் தப்பு. போலி செய்கிறவனுக்கும் இரும்பு கிடைக்கும். சட்டமும் கருப்பு நடுப்பகுதியும் சேரும் விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள், தனித்தனித் துண்டாகச் செய்து கோத்ததா, மொத்தமாக வார்த்ததா என்று தெரிந்துவிடும். சுவஸ்திகா இல்லாமல் ஓக் இலை இருந்தால் அது 1957 பதிப்பு. போலி இல்லை, பழைய வீரர்கள் மேற்கு ஜெர்மனியில் சட்டப்படி அணிந்தது.

ஆளைத் தேடுவது பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டாம் போர் என்றால் வீரர்களின் ஆவணங்களை வைத்திருந்த பெர்லினின் பழைய வாஸ்ட் அலுவலகம் 2019 முதல் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தோடு சேர்ந்துவிட்டது, அங்கே எழுதிப் போட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். முதல் போரில் பிரஷ்யப் படை என்றால் கஷ்டம், ஆவணங்களில் பெரும்பகுதி 1945 ஏப்ரல் 14 போட்ஸ்டாம் குண்டுவீச்சில் எரிந்துபோனது. பவேரியக்காரன் என்றால் அதிர்ஷ்டம், மியூனிக்கில் இருக்கிறது. இல்லாவிட்டால் செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் பெயர்களை அச்சிட்ட பட்டியல்களில் பெயரை வைத்துத் துழாவ வேண்டியதுதான்.

என் கதை? பதினைந்து வருஷத்துக்கு முன் நானும் ஒரு ஈகே 2 வை, இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவையை, தேய்த்துப் பளபளப்பாக்கினேன். போதும்.

பாதிவில்லை:

பெர்லின். ஒரு மேசையில் தேநீர்ச் சாஸர், அதில் சிப்பாய்கள் கழுத்தில் அணியும் அடையாள வில்லைகள் குவியல், ஒன்று 20 யூரோ. எங்கிருந்து என்று கேட்டதற்கு “கூர்லாந்து” (லாட்வியாவின் மேற்குப் பகுதி, இரண்டாம் போரின் கடைசியில் ஜெர்மன் படை சிக்கிய இடம்) என்று மட்டும் சொல்லிவிட்டு சிகரெட்டைப் பற்றவைத்தார். ஒன்று மட்டும் முழுசாக இருந்தது. நடுவில் உடைப்பதற்கு வெட்டியிருக்கும் பிளவுகளில் மண், கருப்பாக, காய்ந்து இறுகிப்போய். நகத்தால் தொட்டேன், கொஞ்சம் உதிர்ந்து விரலில் ஒட்டியது. எனக்குக் கை நடுங்கியது, பொய் சொல்லவில்லை. செத்தால் கீழ்ப்பாதியை உடைத்து அனுப்புவார்கள், இவனுக்கு உடைக்க ஆளே இல்லை. அதை வாங்கி, ஜெர்மன் போர்க் கல்லறைப் பராமரிப்புச் சங்கத்துக்கு ஒரு கடிதத்தோடு அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை.

துரு:

அண்ணே, முழு வில்லை என்றால் செத்தவன் என்று யார் சொன்னது? உயிரோடு வீடு திரும்பியவன் கழுத்திலும் முழு வில்லைதான். கைதியாகப் போனவன் கழற்றி எறிந்திருக்கலாம். பெரியவர் காலமான பின் பேரன் விற்பது எத்தனை! ஒவ்வொன்றுக்கும் கண்ணீர் விட்டால் நாம் சந்தைக்கே போக முடியாது.

காந்தம்:

வீடு திரும்பியவன் வில்லையில் கூர்லாந்து மண் எப்படி வரும், துரு? நீங்கள் ஹெல்மெட் விஷயத்தில் பட்ட ஆத்திரம் வேறு, இது வேறு. பாதிவில்லை, நீங்கள் செய்தது சரி. ஆனால் முழுசைப் பார்த்து நடுங்கிய நீங்கள் உடைந்தவற்றைப் பார்த்தீர்களா? கயிறு கோக்க இரண்டு துளை உள்ளது மேல்பாதி. அது உடம்போடு புதைக்கப்படுவது. ஒற்றைத் துளை உள்ளதுதான் அலுவலகத்துக்குப் போகும் பாதி. இரண்டு துளைப் பாதி சந்தைக்கு வந்தால் எங்கிருந்து வந்தது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எலும்பு மட்டும் அங்கே கிடக்கும், யார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

பீப்பாய்:

நடுவில் வருகிறேன், கொஞ்சம் விஷயம் மாறும். லண்டனில் ஒரு ஏலத்துக்கு முந்தைய நாள் பார்வைக்கு வைத்திருந்தார்கள். ஒரு மெக்சிகோ வெள்ளி டாலர், மேலே கிரீடம் வைத்துப் பதக்கமாகக் கட்டியது. 1914 நவம்பர் 9 கோகோஸ் தீவருகே எம்டனை அடித்து முடித்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியின் ஆட்களுக்காக, எம்டனிலிருந்தே எடுத்த காசில் 1918ல் செய்தது. அங்கிருந்த பெண் கையுறை மாட்டிக்கொண்டு அதை என் முன்னால் வைத்து, எம்டன் என்று ஒரு ஜெர்மன் கப்பல் இருந்தது தெரியுமா என்று பொறுமையாக விளக்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு மாங்காயை அடித்ததற்கு எங்கள் பாட்டி என்னை “எம்டன் பய” என்று துரத்தியிருக்கிறாள்! சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளை அது கொளுத்தியது 1914 செப்டம்பர் 22 ராத்திரி. கப்பல் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் வசவு எங்கள் வீட்டில் மிச்சம். பதக்கம் என் கைக்கு எட்டாத விலைக்குப் போனது. அந்தக் காசை ஒரு தடவை கையுறை இல்லாமல் தொட்டிருக்கலாம் என்று இன்னும் தோன்றுகிறது.

பழையபேப்பர்:

காந்தம், திட்டு வாங்கிக்கொண்டேன். உரிந்த டேப்பைக் கழுகோடு சேர்த்து ஒரு உறையில் வைத்திருக்கிறேன், அதையாவது பிவிசியில் போடவில்லை. அந்தப் பெண்ணின் தெருவை வரைபடத்தில் தேடினேன். தெரு இருக்கிறது, அவள் வீட்டு எண் இருந்திருக்க வேண்டிய இடத்தில் கார் நிறுத்துமிடம்.

பாதிவில்லை:

காந்தம், உங்கள் பதிலை நேற்று ராத்திரி படித்தேன். சாஸரில் மற்றவை ஒரு பத்து இருக்கும். எல்லாம் பாதிகள். கிளறிப் பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது, இரண்டு துளைதான், எல்லாவற்றிலும். அன்றைக்கு என் பையில் இருந்தது 20 யூரோ.