மறுமொழி: நியூரல் நெட்வொர்க் – ‘நரம்பணுப் பின்னல்’ சரிவருமா?

அன்பின் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

படங்கள் போன்ற தரவுகளைப் பார்த்துப் பழகிக்கொள்ளும் ‘நியூரல் நெட்வொர்க்’ என்ற கணினி முறைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று நான்கு நாளாக ஓடும் இந்த இழையில் ஐயா எழுதியதையும், யாழ்ப்பாணத்து அக்கா எழுதியதையும், சென்னைத் தம்பி எழுதியதையும் இரண்டிரண்டு முறை படித்தேன். உடனே பதில் போடாததற்குக் காரணம் உண்டு. இடையில் ஒரு ஒப்புதல் படிவத்தை ஒரு பாட்டியிடம் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் மூன்று துறைகள் சேர்ந்து ஆய்வுகளைத் தமிழில் ஒரு சிறு கையேடாகக் கொண்டுவருகின்றன. தமிழாக்கம் என் பொறுப்பு. கூடவே சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் படம் எடுத்துக் கணினியிடம் காட்டும் ஆய்வுக்கான ஒப்புதல் படிவமும் என்னிடம் வந்தது. ‘தங்கள் விழித்திரைப் படங்கள் நரம்பு வலையமைப்பைக் கொண்டு ஆராயப்படும்’ என்று எழுதியிருந்தேன். முகாமில் அதைப் படித்ததும் அந்தப் பாட்டி தன் இடது புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். போன வாரம் மருந்து ஏற்றிய இடத்தில் பிளாஸ்திரி இன்னும் ஒட்டியிருந்தது. “நரம்பு கிடைக்கலைன்னு கையில மூணு எடத்துல குத்தினாங்கப்பா. இப்ப கண்ணு நரம்புலயுமா?” என்று கேட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

அவர் சரியாகத்தான் படித்தார். தமிழ்நாட்டில் செவிலியர் முதல் நோயாளி வரை ‘நரம்பு ஊசி’ என்றால் இரத்தக் குழாயில் போடுவது. ‘சிரை’ பாடநூலில் இருக்கிறது, படுக்கையருகில் யாரும் சொல்வதில்லை. இதைப் பேச்சுவழக்கின் பிழை என்று ஒதுக்கவும் முடியாது. புறநானூற்று 278-ஆம் பாட்டில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் அந்த முதிய தாயின் தோளை ‘நரம்பு எழுந்து உலறிய’ என்கிறார். தோலுக்கு மேல் புடைத்துக் கண்ணில் படுவது எதுவோ அதுதான் அங்கே நரம்பு. மூளைச் செய்தியைக் கடத்தும் நரம்பு அப்படி வெளியே தெரியாது. பாட்டி பேசுவது அந்தப் பழைய பொருள்.

ஐயாவின் வரிக்கு வருகிறேன்.

> நரம்பியல் வலையமைப்பு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புழங்குவதை ஏன் கலைக்க வேண்டும்?

ஐயா, புழக்கத்துக்கு நீங்கள் தரும் மதிப்பை நானும் தருகிறேன். ஆனால் நரம்பியல் என்பது ஒரு துறையின் பெயர். நரம்பியல் மருத்துவர் என்கிறோம், நரம்பியல் பிரிவு என்கிறோம். ‘நரம்பியல் வலையமைப்பு’ என்றால் நரம்பியல் மருத்துவர்களை இணைக்கும் வலையமைப்பு என்றுதான் சொற்கள் சொல்கின்றன. ஆங்கிலத்தில் ‘அல்’ என்று முடிந்தால் தமிழில் ‘இயல்’ போடும் பழக்கம் நம்மிடம் எப்படியோ தொற்றிக்கொண்டது. பத்து இடத்தில் அச்சாகிவிட்டது என்பதற்காகப் பதினோராவது இடத்தில் நாமும் எழுத வேண்டாம்.

> அப்படியானால் ‘இயல்’ஐ எடுத்துவிட்டு ‘நரம்பு வலைப்பின்னல்’ என்று வைத்துக்கொள்ளலாமே?

தம்பி, நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். பள்ளித் தாவரவியல் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். இருவிதையிலைத் தாவரங்களின் இலைக்கு ‘வலைப்பின்னல் நரம்பமைவு’, புல்லுக்கும் நெல்லுக்கும் ‘இணைப்போக்கு நரம்பமைவு’. அரச இலையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சதை அழுகிப் போன பிறகு கிடைக்கும் சல்லடை போன்ற இலையை நோட்டுக்குள் வைத்திருந்தவர்கள் இந்தக் குழுவிலேயே பலர் இருப்போம். நரம்பு வலைப்பின்னல் என்றால் எனக்குக் கண்ணில் வருவது அதுதான்.

இது வெறும் நினைவின் தொல்லை இல்லை. எங்கள் கையேட்டின் மூன்றாவது பகுதி பசுமை நானோ பொருள்கள், அதாவது இலைச்சாறு போன்றவற்றால் உண்டாக்கும் மிக நுண்ணிய துகள்கள் பற்றியது. 2004-இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தார் வேப்பிலைச் சாற்றைக் கொண்டு வெள்ளி, தங்க நானோ துகள்களை உண்டாக்கிக் காட்டினார்கள். அதற்குப் பிறகு நம் ஊர்க் கல்லூரிகளில் துளசி, முருங்கை, நிலவேம்பு என்று எத்தனையோ இலைகள் கண்ணாடிக் குடுவைக்குள் போய்விட்டன. இலையைக் கழுவி, நடு நரம்பை நீக்கி, கொதிக்க வைத்து வடிகட்டி, அந்தச் சாற்றை வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊற்றுவோம். வெளிர் மஞ்சளாக இருந்தது கண்ணெதிரே தேத்தண்ணீர் நிறத்துக்கு மாறும். சாற்றில் உள்ள பொருள்கள் வெள்ளி அயனியை ஒடுக்கித் துகளாக்குகின்றன, அவையே துகளின் மேல் படிந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமலும் தடுக்கின்றன. செய்முறைக் குறிப்பில் ‘நடு நரம்பை நீக்கி’ என்றுதான் எழுதுவோம், வேறு சொல் இல்லை. ஆக ஒரே கையேட்டில் 6-ஆம் பக்கத்தில் நரம்பு இரத்தக் குழாய், 14-இல் கணினி, 23-இல் வேப்பிலை.

(பசுமை பற்றி ஒரு வரி. இந்தச் செய்முறையை ஆங்கிலத்தில் ‘கிரீன் சிந்தசிஸ்’ என்பார்கள். அதற்கு யாரோ ‘பச்சைத் தொகுப்பு’ என்று எழுதியிருந்தீர்கள். பச்சை முட்டை, பச்சைத் தண்ணீர் என்று சமைக்காததற்குச் சொல்லும் சொல் அது. இங்கோ இலையைக் கொதிக்கவைக்கிறோம். தொகுப்பு என்றால் கவிதைத் தொகுப்பும் நினைவுக்கு வருகிறது. ‘பசுமைவழி ஆக்கம்’ என்று எழுதிவிட்டு நான் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். மறுப்பு இருந்தால் தனி இழையில் எழுதுங்கள்.)

இனி என் முன்மொழிவு: நரம்பணுப் பின்னல்.

முதல் பாதிக்கு ஒரு காரணம் வரலாற்றில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மூளையைப் பற்றி அறிவியலாளரிடையே ஒரு பெரிய வாதம் நடந்தது. நரம்பு மண்டலம் முழுவதும் விட்டுப்போகாத ஒரே வலை என்றார் இத்தாலியின் கமில்லோ கோல்ஜி. அதே கோல்ஜி கண்டுபிடித்த வெள்ளி நைட்ரேட் சாயமுறையை எடுத்துக்கொண்டு, இல்லை, அவை தனித்தனி அணுக்கள் (செல்கள்), ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன, உருகி ஒன்றாவதில்லை என்று காட்டினார் ஸ்பெயினின் சந்தியாகோ ரமோன் இ கஹால். 1891-இல் ஜெர்மன் உடற்கூறியலாளர் வால்டையர் அந்தத் தனி அலகுக்கு நியூரான் என்று பெயரிட்டார். 1906-இல் கோல்ஜிக்கும் கஹாலுக்கும் சேர்த்தே நோபல் கொடுத்தார்கள். மேடையிலும் கோல்ஜி தன் வலையை விட்டுக்கொடுக்கவில்லை. பின்னால் 1943-இல் மெக்கல்லக்கும் பிட்ஸும் நியூரானுக்கு எழுதிய கணித மாதிரி, நாம் பேசும் கணினி முறைக்கு முன்னோடி, அது முழுக்கக் கஹால் பக்கத்தில் நிற்கிறது. தனித்தனி அலகுகள் இல்லையேல் அந்தக் கணக்கே இல்லை. ‘நரம்பு வலை’ என்று நாம் எழுதும்போது அறியாமலே தோற்ற கட்சியின் கொடியைப் பிடிக்கிறோம். நரம்பணு என்றால் அலகு பெயரிலேயே நின்றுவிடும்.

கிரேக்கத்தில் நியூரான் என்ற சொல்லுக்கு முதற்பொருள் நாண், தசைநார். நம் நரம்பும் யாழின் தந்தி. தொல்காப்பியர் இசை நூலை ‘நரம்பின் மறை’ என்றே குறிக்கிறார். இரண்டு மொழியும் ஒரே வழியில் நடந்து வந்திருப்பதைப் பார்த்த அன்று எனக்கு மனம் நிறைந்தது. அதனால்தான் நரம்பை அடியோடு கைவிட மனமில்லாமல், ‘அணு’வைச் சேர்த்துக் காப்பாற்றப் பார்க்கிறேன்.

> நானோ பொருள் பக்கத்தில் அணு என்றால் வெள்ளி அணு. குழப்பம் வராதா?

சிவப்பணு, வெள்ளையணு, விந்தணு என்று நெடுநாளாகச் சொல்கிறோம். அவற்றை வேதியியல் அணுவாக எடுத்துக்கொண்டவரை நான் பார்த்ததில்லை. முன்னால் வரும் சொல் வேலையைச் செய்துவிடுகிறது.

இரண்டாம் பாதி. வலை ஒரே நூலால் முடியப்படுவது. பின்னலில் இழைகள் சேர்ந்து நின்றாலும் பிரித்தால் தனித்தனியாக வந்துவிடும். கஹால் கண்ட மூளைக்கு இது நெருக்கம். ‘பிணையம்’ என்று ஐயா சொன்னார். வங்கிப் பக்கம் அது கடனுக்குக் கொடுக்கும் ஈடு என்பதால் தயங்குகிறேன்.

> எங்கட பாடநூல்களிலை செல் எண்டால் கலம். நரம்புக்கலம் எண்டுதான் நாங்கள் எழுதுவம்.

அக்கா, கலம் அழகான சொல். நாங்களும் மின்கலத்தில் அதை வைத்திருக்கிறோம். அங்கே நரம்புக்கலப் பின்னல், இங்கே நரம்பணுப் பின்னல் என்று போனால் என்ன? பின்னல் பொதுவாக இருந்தால் இரு கரையிலும் தேடுபவருக்குக் கிடைத்துவிடும்.

‘நியூரல் நெட்வொர்க் என்றே தமிழெழுத்தில் எழுதலாமே’ என்றவர்களுக்கு: ஆய்வகத்தில் நானும் “மாடல ட்ரெய்ன் பண்ணியாச்சா” என்றுதான் கேட்கிறேன். பேச்சுக்கு அது போதும். ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கத்தில் அடுக்கு, கணு, பயிற்சி என்று மற்றதெல்லாம் தமிழில் நிற்கும்போது தலைச்சொல் மட்டும் ஒட்டாமல் நிற்கிறது.

ஆனால் படிவத்தில் நரம்பணுப் பின்னலும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். 2016-இல் கூகுள் ஆய்வர்கள் வெளியிட்ட ஆய்வில் 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு கணினியைப் பழக்கினார்கள். அமெரிக்கப் படங்களோடு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற நம் மருத்துவமனைப் படங்களும் அதில் உண்டு. கையெழுத்துப் போடுபவருக்குத் தெரிய வேண்டியது அந்தப் பழக்கம்தான். இப்போது படிவத்தில் இப்படி இருக்கிறது: ‘உங்கள் கண்ணை வெளியிலிருந்து படம் எடுப்போம். ஊசி கிடையாது. இதுபோல் பல ஆயிரம் படங்களைப் பார்த்துப் பழகிய ஒரு கணினி அந்தப் படத்தைப் பார்க்கும்.’ மறுநாள் பாட்டியிடம் இதைப் படித்தேன். “அது தப்பாச் சொன்னா டாக்டர் பாப்பாரா?” என்று கேட்டார். பார்ப்பார் என்றேன், அதையும் படிவத்தில் சேர்த்தேன். அதன் பிறகே கைநாட்டு வைத்தார்.

அக்காவிடம் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பின்னலின் ஒவ்வொரு இணைப்பும் எவ்வளவு வலுவானது என்று காட்டும் எண்ணான ‘வெயிட்’டை நான் எடை என்று போட்டிருக்கிறேன். தம்பி நிறை என்கிறார். தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்பது பொருளின் ‘மாஸ்’, இலங்கையில் நீங்கள் அதைத் திணிவு என்று சொல்லி, எங்கள் எடையை நிறை என்கிறீர்கள். இந்த இடத்தில் நிறை என்று அச்சிட்டால் இரு பக்க மாணவர்களும் வேறு வேறாகப் படிப்பார்களே. ‘இணைப்பு வலு’ என்று போட்டால் உங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புரியுமா? கையேடு அடுத்த திங்கள் அச்சுக்குப் போகிறது. அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
வேதியியல் ஆய்வகத்திலிருந்து