மறுமொழி: 'டெடிகேட்டட் சர்க்யூட்' – தனிச்சுற்றா, தனித்தடமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். ஒரே ஒரு கருவிக்கென்று இழுக்கும் மின்இணைப்பான 'டெடிகேட்டட் சர்க்யூட்' என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சுக்கு என் மறுமொழி இது.

> 'அர்ப்பணிப்புச் சுற்று' என்று வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. வாஷிங் மெஷினுக்கு வயர் இழுப்பதில் அர்ப்பணிப்பு எங்கே வந்தது? எங்கள் காரைக்குடி எலக்ட்ரீசியனிடம் சொன்னால் மாலை வாங்கி வரட்டுமா என்பார்.

சொல்லை விட்டுவிட்டுப் பொருளைப் பார்ப்போம். செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில் முதலில் வயரிங் செய்தபோது விளக்கும் மின்விசிறியும்தான் கணக்கு. விளக்கு சர்க்யூட் ஒன்றுக்கு 10 பாயிண்ட், 800 வாட் என்பது பழைய வழக்கம். ஹீட்டர் உள்ள ஃப்ரண்ட் லோடு மெஷின் ஒன்றே 2000 வாட் கேட்கிறது. 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 9 ஆம்பியர். 5 ஆம்பியர் பிளக்கில் அதைச் சொருகினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு சூதும் உண்டு. கானாடுகாத்தானில் உறவினர் வீட்டு இரண்டாங்கட்டில் (முன்முற்றத்துக்கு அடுத்த பகுதி) பார்த்தேன். சுவரில் பளபளவென்று புதிய 16 ஆம்பியர் பிளக். மூடியைக் கழற்றினால், பின்னால் வருவது நடைவிளக்குக்குப் போகும் அதே பழைய மெல்லிய வயர். மேலே சுற்றிய துணி கருகிப் பொடியாக உதிர்கிறது. எர்த் கம்பியே இல்லை. மெயினில் பீங்கான் ப்யூஸ் கட்டை, அதில் யாரோ தடித்த கம்பியாகப் பார்த்துச் சுற்றி வைத்திருக்கிறார்கள். ப்யூஸ் போகாது, வயர்தான் போகும். தலைக்கு மேலே இருப்பதெல்லாம் பர்மா தேக்கு.

ஆகவே நமக்கு வேண்டிய சொல் பிளக்கைக் குறிக்கக் கூடாது. போர்டிலிருந்து ஒரே ஒரு கருவிக்காக, தனக்கென ஓர் எம்.சி.பி. (மின்னோட்டம் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்), தனக்கென ஃபேஸ், நியூட்ரல், எர்த் என்று வரும் முழு இணைப்பையும் குறிக்க வேண்டும். தொழிலில் இருப்பவர்கள் இதற்கு ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டார்கள்: "தனி லைன் இழுத்துருவோம்ணே." பாதி வேலை முடிந்தது. 'லைன்' இருக்கும் இடத்தில் எதை வைப்பது என்பதுதான் மிச்சம்.

> 'தனித்தடம்' ஓசை நயமாக இருக்கிறது.

இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இங்கே அது உதைக்கும். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரை வெட்டிக் குழாய் பதிக்க வீட்டுக்காரர்கள் சம்மதிப்பதில்லை. அந்த வழவழப்பைத் திரும்பக் கொண்டுவரக் கொத்தனார் கிடைப்பது கஷ்டம். அதனால் புதிய வயரையும் பழைய வயர் போன வழியிலேயே, விட்டத்தை ஒட்டிக் குழாய் வைத்துக் கொண்டுபோகிறார்கள். தடம் ஒன்று, சுற்று இரண்டு. அப்போது 'தனித்தடம்' என்றால் பொய்யாகிவிடும்.

'புள்ளிச்சுற்று' என்று ஒருவர் எழுதியதை ரசித்தேன். எங்கள் பக்கத்து நகரத்தார் சமூகத்தில் மணமான ஒரு தம்பதியின் குடும்பத்தைப் 'புள்ளி' என்பார்கள். ஒரே வளவில் (வீட்டில்) பங்காளிகள் இருந்தாலும் புள்ளிக்குப் புள்ளி உலை தனி, கணக்குத் தனி என்பது வழக்கம். பொருத்தம்தான். ஆனால் நகரத்தார் அல்லாதவருக்கு விளங்காது. எலக்ட்ரீசியனோ பாயிண்ட் என்று எடுத்துக்கொள்வார்.

என் வாக்கு தனிச்சுற்றுக்கு. 'மின்சுற்று' பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. எதிர்ச்சொல்லாகப் 'பொதுச்சுற்று' தானாகவே கிடைக்கிறது. கால்பந்துப் போட்டியின் சுற்று நினைவுக்கு வரும் என்ற ஆட்சேபம் சரி, ஆனால் மின்வேலை பேசும் இடத்தில் யாரும் குழம்பப் போவதில்லை. எழுதும்போது ச் விட்டுவிடாதீர்கள்.

விளக்கம் இப்படி இருக்கலாம்:

தனிச்சுற்று: மெயின் போர்டிலிருந்து ஒரே கருவிக்கு மட்டும், தனக்குரிய எம்.சி.பி.யோடும் எர்த்தோடும் வரும் மின்சுற்று. எ-டு: "இந்த மெஷினுக்கு 2.5 சதுர மி.மீ. செம்புக்கம்பியில் தனிச்சுற்று வேண்டும்."

மறுப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் விக்சனரி என்ற இணைய அகராதியில் ஏற்றிவிடுகிறேன். அப்புறம், 'சாங்ஷன்டு லோடு' (ஓர் இணைப்புக்கு மின்வாரியம் அனுமதித்த மின்பளு) என்பதற்கு அனுமதிச்சுமையா அனுமதிப்பளுவா என்று கேட்டிருந்தீர்கள். தனி இழையில் தொடங்குங்கள், அங்கே சண்டை போடலாம்.