பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எப்படித் துணை நிற்பது?

கேள்வி (கடலூர் முதுநகர்):
கணவரிடம் அடிபடும் பக்கத்து வீட்டுப் பெண், நேற்று சர்க்கரை கேட்கும் சாக்கில் வந்தவர், உடைந்த வளையல் கிழித்த மணிக்கட்டை முந்தானையால் மறைத்தபடி நின்றுவிட்டு, கிண்ணத்தை மறந்து போய்விட்டார். புகார் கொடுத்தால் வீட்டை விட்டுத் துரத்திவிடுவார்கள் என்று அஞ்சுகிறார். நாங்கள் என்ன செய்யலாம்?

பதில் 1:
குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கணவரோடு வாழும் வீடு தம் பெயரில் இல்லாவிட்டாலும் அங்கே வசிக்கும் உரிமை அவருக்கு உண்டு. சட்ட நடைமுறையின்றி வெளியேற்ற முடியாது. இச்சட்டத்தின்கீழ் உதவ அரசு நியமித்துள்ள பாதுகாப்பு அலுவலரிடம் நீங்களும் தகவல் தரலாம்; நல்லெண்ணத்தோடு தருபவர்மீது வழக்கு வராது. எனினும் அவருடைய சம்மதத்தைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். 181 என்ற பெண்கள் உதவித் தொலைபேசி எண் இரவிலும் இயங்கும்.

பதில் 2:
அதைக் கடந்து வந்தவள் நான். சமாதானம் பேசப் பெரியவர்களை அழைத்து வராதீர்கள். அப்படி வந்துபோன இரவில்தான் எனக்குக் கூடுதலாக அடி விழுந்தது. என் ஆதார் நகலையும் மருத்துவச் சீட்டுகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, தம் அரிசி டிரம்முக்குப் பின்னால் எட்டு மாதம் வைத்திருந்தார் எதிர்வீட்டு அக்கா. அவர் ஒருநாளும் "ஏன் இன்னும் கிளம்பவில்லை" என்று கேட்டதில்லை.

கேட்டவர்:
நன்றி, சகோதரி. நாளை அவர் கணவர் வேலைக்குச் சென்றபின் கிண்ணத்தைக் கொடுக்கப் போகிறேன்.