ஸ்ட்ரோம்போலிப் பதிவில் ஒரு வெடிப்புக்கு இரண்டு துடிப்புகள் ஏன் தெரிகின்றன?

கேள்வி:
வணக்கம். இத்தாலியின் ஸ்ட்ரோம்போலி எரிமலையில் பதிவான நில அதிர்வுத் தரவுகளை ஆய்வுப் பயிற்சிக்காக அலசி வருகிறேன். வெடிப்பு ஒவ்வொன்றிலும் முதலில் மெதுவான ஓர் அதிர்வும், சற்றுக் கழித்து வேகமான இன்னொன்றும் வருகின்றன. எரிமலை வாயிலிருந்து 500 மீட்டரில் உள்ள நிலையத்தில் இடைவெளி 2.6 விநாடி, 1,700 மீட்டரில் 5.3 விநாடி. இவை இரண்டு வெடிப்புகளா, கருவிக் கோளாறா?

பதில்:
இரண்டும் அல்ல. இரண்டு வெடிப்புகளாக இருந்தால் இடைவெளி எல்லா நிலையங்களிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். உங்களுக்கோ தொலைவுடன் கூடுகிறது. முதல் துடிப்பு பாறை வழியாகவும், இரண்டாவது காற்று வழியாகவும் வந்து, பின்னது நிலத்தை அசைத்து நில அதிர்வுமானியிலும் பதிகிறது. காற்றில் விநாடிக்கு 340 மீட்டர், பாறையில் 1,500 மீட்டர் எனக் கொண்டால், 1,200 மீட்டர் கூடுதல் தொலைவுக்கு 2.7 விநாடி வித்தியாசம் வர வேண்டும். உங்கள் எண்களும் அதையே காட்டுகின்றன. அருகில் குற்றொலி (காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலி) மைக்ரோஃபோன் இருந்தால், 20 ஹெர்ட்ஸுக்குக் கீழான அழுத்த அலை அதே நொடியில் அதில் பதிந்திருக்கும்.

ஆனால் அருகு நிலையத்தில் பயண நேரம் மட்டும் 1.1 விநாடி இடைவெளியைத்தான் தரும். மீதமுள்ள ஒன்றரை விநாடி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: சில நூறு மீட்டர் ஆழத்தில் வாயுக் குமிழ் நகரத் தொடங்கும்போது நிலம் அதிர்கிறது, அது மேலேறி உடையும்போதுதான் ஒலி பிறக்கிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி. மைக்ரோஃபோன் பதிவு இருக்கிறது, ஆனால் பிற்பகலில் காற்றின் இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. மேலும், அருகு நிலையத்தில் இடைவெளி 2.2 முதல் 3.1 விநாடி வரை மாறுகிறது. இதற்கு வானிலை காரணமாகுமா?

பதில்:
ஆகாது. வெப்பநிலை ஒரு பாகை மாறினால் ஒலிவேகம் விநாடிக்கு 0.6 மீட்டர்தான் மாறும். 500 மீட்டரில் பலத்த காற்றும் சேர்ந்தாலும் பத்தில் ஒரு விநாடியைத் தாண்டுவது அரிது. ஸ்ட்ரோம்போலியின் உச்சியில் வாய்கள் பல இருப்பதால், எந்த வாய் வெடித்தது என்பதை முதலில் பிரித்தறியுங்கள். 200 மீட்டர் வேறுபாடே ஏறத்தாழ அரை விநாடி தரும். வாய்களைப் பிரித்தறியச் சில பத்து மீட்டர் இடைவெளியில் குறைந்தது மூன்று மைக்ரோஃபோன்கள் வேண்டும். காற்றின் கொந்தளிப்பு ஒவ்வொன்றிலும் வெவ்வேறாகப் பதியும், வெடிப்பலையோ எல்லாவற்றிலும் ஒரே வடிவில் வரும். ஆகவே இரைச்சல் பிரச்சினையும் அதிலேயே பெருமளவு தீரும். கடலலைகள் எழுப்பும் 0.2 ஹெர்ட்ஸ் முணுமுணுப்பை அகற்ற, 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டிவிடுங்கள். வாய்களைப் பிரித்த பிறகும் இரு நிலையங்களிலும் இடைவெளி ஒரே அளவு மாறினால், மாற்றம் எரிமலைக் குழாய்க்குள் நிகழ்கிறது என்று துணிந்து எழுதலாம்.