பங்குச் சந்தை இறங்கினால் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை, என்ன செய்யலாம்?

வணக்கம். குரூப்பில் இருக்கும் அனுபவசாலிகளிடம் ஒரு யோசனை வேண்டும்.

அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் பெரும்பகுதி அஞ்சலக சீனியர் சிட்டிசன் திட்டத்தில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்த வட்டியும் பென்ஷனும் வீட்டுச் செலவுக்குப் போதும். மீதியை நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் (ஐம்பது பெரிய கம்பெனிப் பங்குகளின் குறியீடான நிஃப்டியோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஃபண்ட்) போட்டிருக்கிறார். இப்போதைக்குத் தொட வேண்டிய அவசியமே இல்லாத பணம்.

ஆனால் காலை ஒன்பதேகாலுக்குச் சந்தை நிலவரம் பார்க்க மொபைலை எடுத்தால் மூன்றரை வரை கீழே வைப்பதில்லை. ஃபண்டோட என்ஏவி (ஒரு யூனிட்டின் மதிப்பு) ராத்திரிதான் மாறும் என்று சொன்னாலும் கேட்பதில்லை. சிவப்பு தெரிந்தால் அம்மாவிடம் எரிந்து விழுவார். பச்சை தெரிந்தால், "இன்னும் கொஞ்சம் போடலாமாடா?" (எனக்கு இதுதான் அதிக பயம்.)

2020 ஜனவரியில் 12,300-க்கு மேல் இருந்த நிஃப்டி மார்ச்சில் 7,600 அருகே விழுந்து, நவம்பரிலேயே 13,000-ஐத் தாண்டியதைக் காட்டினேன். "அடுத்த தடவை அஞ்சு வருஷம் ஆச்சுன்னா? எனக்கு வயசு இருக்கா?" என்றார். நியாயமான கேள்வி. பதில் சொல்லத் தெரியவில்லை.

மொபைலில் இருக்கும் அந்த ஆப்பை எடுத்துவிட்டு, எப்போதாவது நானே ஸ்டேட்மென்ட் காட்டினால் சரியாகுமா? இல்லை, லாபம் குறைந்தாலும் பரவாயில்லை என்று பாதியை எஃப்டிக்கு மாற்றிவிடலாமா? வீட்டில் பெரியவர்களை வைத்து இதைச் சமாளித்தவர்கள் சொல்லுங்கள். ஸ்டாக் டிப்ஸ் மட்டும் தயவுசெய்து வேண்டாம், இன்பாக்ஸிலும்.